எப்பவும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்குற ஸ்பீக்கர்: செட்டிங்ஸ் போதுமா, மியூட் பட்டனா, லோக்கலா, இல்ல தூக்கிடறதா?

போன மாசம் ஒரு ராத்திரி தூக்கம் வராம, எங்க வீட்டுல கூப்பிட்டா பதில் சொல்ற ஸ்மார்ட் ஸ்பீக்கரோட ஆப்பைத் திறந்து வாய்ஸ் ஹிஸ்டரின்னு ஒண்ணு இருந்துச்சே, அதை நோண்டிக்கிட்டு இருந்தேன். லைட்டை ஆஃப் பண்ணு, பத்து நிமிஷம் டைமர் வை, என் பையன் விடாம கேட்ட அதே டைனோசர் கேள்வி, இப்படியே கீழ போய்க்கிட்டே இருக்கு. நடுவுல ஒரு கிளிப், 14 செகண்டு, யாரும் அதைக் கூப்பிட்ட மாதிரியே தெரியல. ப்ளே பண்ணா எங்க அத்தை, அதாவது என் மாமியார், போன்ல அவங்க தங்கச்சிகிட்ட பேசிக்கிட்டு இருக்காங்க. "இங்க யார்கிட்டயும் மூச்சு விட்றாத, ஸ்கேன் எடுத்துட்டு வந்துட்டேன், ரிசல்ட் வரட்டும்..." அவ்ளோதான், அதுக்கு மேல கட் ஆயிடுச்சு.

எந்த வார்த்தையைக் கேட்டு அது முழிச்சிக்கிச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. கம்பெனிக்காரன் அதைக் கேட்டானோ இல்லையோ, நான் கேட்டுட்டேன். அவங்க வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நெனச்ச விஷயம், அவங்க மருமக போன்ல பத்திரமா உக்காந்திருக்கு. கிளிப்பை டிலீட் பண்ணிட்டேன், ஆனா காதுல விழுந்ததை எப்படி டிலீட் பண்றது.

அதுக்கப்புறம் ஒரு ரெண்டு மூணு வாரம், இதுக்கு என்னதான் வழின்னு தேடித் தேடிப் படிச்சேன், சிலதை வீட்டுலயே செஞ்சும் பாத்தேன். நெட்ல இதைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் "கம்பெனியை நம்பலாமா வேணாமா"ங்கற ஒரே கேள்வியைச் சுத்தி சுத்தி வர்றாங்க. எனக்கு இப்ப அதை விட முக்கியமாப் படுற கேள்வி வேற: இந்த வழியை வீட்டுல இருக்குற எல்லாராலயும் கையாள முடியுமா, இல்ல ஆப் வெச்சிருக்குற ஒரு ஆள் மட்டும்தான் கையாள முடியுமா? எங்க அத்தைகிட்ட அந்த ஆப் கெடையாது, பாஸ்வேர்டு தெரியாது, அப்படி ஒரு ஹிஸ்டரி இருக்குன்னே தெரியாது. கீழ எழுதியிருக்குற ஒப்பீடு பூரா அந்தக் கண்ணோட்டத்துலதான் இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன்.

முதல்ல அது எப்படிக் கேக்குதுன்னு தெரிஞ்சாத்தான் எந்த வழி எதைத் தடுக்கும்னு புரியும். ஸ்பீக்கர் உள்ள ஒரு சின்ன மாடல் ஓடிக்கிட்டே இருக்கு, அதோட ஒரே வேலை கூப்பிடு வார்த்தை, அதாவது அதை எழுப்புற "அலெக்சா" மாதிரி பேர், வருதான்னு பாக்குறது, கடைசி சில செகண்டு சத்தத்தை மட்டும் கையில வெச்சிக்கிட்டு, பழசை அழிச்சு அழிச்சு புதுசை எழுதிக்கிட்டே இருக்கும். வார்த்தை மாதிரி ஏதோ கேட்டா உடனே கதவைத் தொறந்து சத்தத்தை சர்வருக்கு அனுப்ப ஆரம்பிச்சிடும். அங்க இருக்குற பெரிய மாடல் இன்னொரு தடவை செக் பண்ணி, "இது நம்மளைக் கூப்பிட்டது இல்ல"ன்னு நிறுத்தலாம். ஆனா அது நிறுத்துறதுக்குள்ள கொஞ்சம் போயே போயிருக்கும். அத்தையோட 14 செகண்டு அப்படிப் போனதாத்தான் இருக்கணும்.

24 மணி நேரமும் எல்லாத்தையும் அனுப்புதுங்கற பயம் நெறைய பேருக்கு இருக்கு, அதுக்கு ஆதாரம் இல்ல. இதை நீங்களே ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். பேச்சை நல்லா அமுக்கி அனுப்புனாலும் செகண்டுக்கு 16 கிலோபிட்டாவது வேணும்னு வெச்சிப்போம், மணிக்கு 7 எம்பிக்கு மேல, ஒரு நாளைக்கு 170 எம்பி பக்கம் வரும், அந்த அளவு அப்லோடு ரௌட்டர்ல பாத்தா அப்பட்டமாத் தெரிஞ்சிடும். என் ரௌட்டர்ல பாத்தேன், நாங்க வெளிய போயிருந்த நாள்ல அது அனுப்புனது அதுக்குப் பக்கத்துலயே வரல. அமெரிக்காவோட நார்த்ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டியும் லண்டன் இம்பீரியல் காலேஜும் சேந்து 125 மணி நேரம் நெட்ஃப்ளிக்ஸ் ஷோக்களை ஸ்பீக்கர்கள் முன்னாடி ஓட விட்டுப் பாத்தப்பவும், எந்நேரமும் ரெக்கார்டு பண்றதுக்கு ஆதாரம் கெடைக்கல. ஆனா சும்மா சும்மா தப்பா முழிச்சிக்கறது நெறைய நடந்துச்சு, சில தடவை அரை நிமிஷத்துக்கு மேலயும் முழிச்சே இருந்துச்சு. 2020ல ஜெர்மனியோட போஹும் ரூர் யுனிவர்சிட்டி ஆளுங்க தப்பா முழிக்க வெக்குற வார்த்தைகளைத் தேடுனப்ப ஆயிரத்துக்கு மேல சிக்குச்சு. "எலக்‌ஷன்"னா அமேசானோட அலெக்சா முழிச்சிக்குது, "ஓகே கூல்"னா கூகுள், "எ சிட்டி"ன்னா ஆப்பிளோட சிரி. அவங்க பாத்தது இங்கிலீஷ், ஜெர்மன், சைனீஸ். நம்ம வீட்டுல தமிழும் இங்கிலீஷும் கலந்து ஓடுற பேச்சுல என்னென்ன இருக்கோ.

அப்புறம் அந்த "பேசுனோம், உடனே விளம்பரம் வந்துச்சு" கதை. நார்த்ஈஸ்டர்ன் ஆளுங்களே 2018ல 17,260 ஆண்ட்ராய்டு ஆப்பை அலசிப் பாத்தாங்க, ரகசியமா மைக்கைத் தொறந்து அனுப்புன ஆப் ஒண்ணும் மாட்டல, அதுக்குப் பதிலா ஸ்க்ரீனை வீடியோ எடுத்து அனுப்புறது மாட்டுச்சு. பெரும்பாலும் வீட்டுல வேற யாராவது அதே வைஃபைல தேடியிருப்பாங்க. அதனால இங்க நாம தடுக்கப் பாக்குறது ரெண்டு விஷயம்தான்: தப்பா முழிச்சு போற துண்டுகள், சரியா கூப்பிட்டு நாம பேசுனது சேந்துக்கிட்டே போறது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, எல்லாரும் சொல்றது, செட்டிங்ஸை இறுக்கறது. இதைச் செய்யாதீங்கன்னு சொல்லவே மாட்டேன், கால் மணி நேர வேலை, இன்னிக்கே செஞ்சிடுங்க. பழைய ரெக்கார்டிங் மொத்தத்தையும் அழிக்கணும், இனிமே சேக்காதே இல்லாட்டி மூணு மாசத்துல தானா அழின்னு வெக்கணும், மனுஷங்க கேட்டுப் பாக்குறதுக்கு நம்ம ஆடியோவைக் குடுக்குற ஆப்ஷனை அணைக்கணும், குரல் மூலமா பொருள் வாங்கறதை அணைக்கணும், மெசேஜ் அனுப்பறது, கால் பண்றது, வெளிய இருந்து வீட்டு ஸ்பீக்கரோட நேரா பேசுற ட்ராப் இன் மாதிரி சமாச்சாரம் எல்லாத்தையும் தேவையில்லன்னா அணைக்கணும். கடைசி ஐட்டம் ஏன்னா, 2018ல அமெரிக்காவுல போர்ட்லாண்டுல ஒரு வீட்டுல எக்கோ (அமேசானோட அலெக்சா ஸ்பீக்கர்) தப்பா முழிச்சு, அவங்க பேச்சுல "மெசேஜ் அனுப்பு"ன்னு எதையோ கேட்டதா எடுத்துக்கிட்டு, யாருக்குன்னு அதுவே கேட்டு, பேச்சுல இருந்தே ஒரு பேரையும் புடிச்சிக்கிட்டு, மொத்த உரையாடலையும் தெரிஞ்சவர் ஒருத்தருக்கு அனுப்பி வெச்சிடுச்சு. அமேசானே குடுத்த விளக்கம் இது. அது கேள்வி கேட்டது அவங்க காதுலயே விழல போல.

முடிஞ்சா கூப்பிடு வார்த்தையையும் மாத்திப் பாருங்க, எக்கோல "கம்ப்யூட்டர்"னு ஒண்ணு இருக்கு, ஆனா ஐடி வேலை பாக்குற வீட்டுல அதை வெச்சா நாள் பூரா முழிச்சிக்கிட்டேதான் இருக்கும், எங்க வீட்டுக்காரரோட ஒரு மீட்டிங் போதும்.

இந்த வழியில எனக்கு ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, செட்டிங்ஸ்ங்கறது அவங்க குடுக்குற வாக்கு, அதை அவங்களே மாத்தலாம். 2019 வரைக்கும் பெரிய கம்பெனி மூணும் ஆளு வெச்சு கிளிப் கேக்க வெச்சாங்கங்கறது நமக்கெல்லாம் பத்திரிகை மூலமாத்தான் தெரிஞ்சுது. ஏப்ரல்ல ப்ளூம்பெர்க் அமேசானைப் பத்தி எழுதுச்சு. ஜூலைல பெல்ஜியத்தோட விஆர்டிங்கற ஒளிபரப்பு நிறுவனம், கூகுளோட ஆயிரத்துக்கும் மேல கிளிப்பைக் கேட்டுப் பாத்து, அதுல 153 கிளிப் யாரும் கூப்பிடாமலே எடுத்ததுன்னு சொல்லுச்சு. அதே மாசக் கடைசில கார்டியன்ல சிரி கதை வந்துச்சு. வெளிய வந்த பிறகு திருத்திக்கிட்டாங்க, அதையும் சொல்லணும்: ஆப்பிள் நாம சம்மதிச்சாத்தான் கேக்கும்னு மாத்துச்சு, கூகுளும் 2020ல இருந்து நாம ஆன் பண்ணாத்தான் ஆடியோவைச் சேமிக்குது. ஆனா இன்னொரு பக்கம், எக்கோல சில மாடல்ல மட்டும், அமெரிக்க இங்கிலீஷுக்கு மட்டும், குரலை அனுப்பாம அங்கேயே புரிஞ்சிக்கற ஆப்ஷன் ஒண்ணு இருந்துச்சு, அதை 2025 மார்ச் 28ஓட எடுத்துட்டாங்க. அதை நம்பி அந்த மாடலைத் தேடி வாங்குனவங்க என்ன செய்வாங்க? வாங்குன நாள்ல இருந்த ஸ்பீக்கர் இப்ப அது இல்ல, அவ்ளோதான்.

டிலீட்னா டிலீட்டாங்கறதும் ஒரு கேள்வி. 2023ல அமெரிக்காவோட எஃப்டிசி (நுகர்வோரைப் பாதுகாக்குற அரசு அமைப்பு), குழந்தைங்களோட அலெக்சா ரெக்கார்டிங்கை அளவே இல்லாம வெச்சிருந்தாங்க, பெத்தவங்க ஆடியோவை அழிச்ச பிறகும் எழுத்துப் பிரதி சில இடத்துல அப்படியே இருந்துச்சுன்னு கேஸ் போட்டுச்சு, அமேசான் 2.5 கோடி டாலர் கட்டி முடிச்சிக்கிச்சு. இதுக்கு முன்னாடி 2018ல ஜெர்மனில ஒருத்தர் என் தகவலை எனக்குக் குடுங்கன்னு அமேசான்ல கேட்டப்ப, யாரோ முன்ன பின்ன தெரியாதவரோட 1,700 ஆடியோ ஃபைல் அவருக்குப் போய்ச் சேந்துச்சு. சேத்து வெச்ச எதுவும் ஒரு நாள் தப்பான கைக்குப் போகலாம், இதுல கெட்ட எண்ணமே தேவையில்ல, ஒரு மனுஷத் தப்பு போதும்.

ரெண்டாவது பிரச்சனை நான் முதல்லயே சொன்னது. செட்டிங்ஸ் எல்லாம் என் போன்ல. அத்தைக்கோ, பையனுக்கோ, வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கோ, விருந்தாளிக்கோ அதுல ஒரு சொல்லும் கெடையாது. நான் நல்லவளா இருக்கற வரைக்கும் அவங்க பத்திரம். ஒரு வீட்டுல புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டைன்னு வைங்க, அக்கவுன்ட் யார் கையில இருக்கோ அவங்க கையில இன்னொருத்தரோட வாய் இருக்கு. இதைப் பத்தி ஏன் யாருமே எழுத மாட்டேங்கறாங்கன்னு தெரியல.

அடுத்த வழி, மியூட் பட்டன். நேர்மையா சொன்னா நான் இதை முதல்ல கிண்டல் பண்ணேன், மைக்கை அணைச்சு வெக்கறதுக்கு எதுக்கு மைக் வெச்ச ஸ்பீக்கர்னு. இப்ப இதுதான் எனக்குப் பிடிச்ச வழி. எக்கோல மேல இருக்குற மைக் பட்டனை அமுக்குனா செவப்பு லைட் வரும், மைக்குக்குப் போற கரன்ட்டையே துண்டிக்கற மாதிரி சர்க்யூட்டை அமைச்சிருக்கோம்னு அமேசான் சொல்லுது. கூகுள் நெஸ்ட்ல பின்னாடியோ பக்கத்துலயோ ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், தள்ளுனா ஆரஞ்சு லைட். ஆப்பிளோட ஹோம்பாட் ஸ்பீக்கர்ல இந்த மாதிரி கையால தள்ற ஸ்விட்ச்சே கெடையாது, "கேக்காதே"ன்னு அதுகிட்டயே சொல்லணும் இல்லாட்டி போன்ல போய் அணைக்கணும். பிரைவசின்னா ஆப்பிள்னு சொல்றவங்க இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்கணும், என் கணக்குல இது பெரிய மைனஸ், ஏன்னா அத்தையால அமுக்க முடியாது.

பழக்கத்தைத்தான் மாத்தணும். எப்பவும் ஆன், ரகசியம்னா ஆஃப்ங்கறதுக்குப் பதிலா எப்பவும் ஆஃப், வேணும்னா ஆன். சொல்றது ஈஸி. முதல் வாரம் பையன் கத்திக் கத்திப் பாத்துட்டு "அம்மா அது செத்துப் போச்சு"ன்னு வந்து நின்னான், வீட்டுக்காரருக்கு கை ஈரமா இருக்கறப்ப டைமர் வெக்க முடியலன்னு கடுப்பு. நாலாவது நாள்ல யாரோ ஆன் பண்ணிட்டு அப்படியே விட்டுட்டாங்க, ஒரு நாள் பூரா யாரும் கவனிக்கல. இதோட பலவீனம் அதுதான், மறதி. ஆனா மறந்தாலும் கண்ணுக்குத் தெரியுது பாருங்க, செவப்பு இல்லன்னா கேக்குது, அதைப் புரிஞ்சிக்க ஆப் வேணாம், இங்கிலீஷ் வேணாம். அத்தைக்கு நான் சொன்னது ஒரே வரிதான்: "செவப்பா இருந்தா அதுக்குக் காது கேக்காது அத்தை." அவங்க அந்த இடத்துலயே கேட்டாங்க, "அப்போ இத்தன நாளு கேட்டுச்சா?" நான் ஆமான்னேன், அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.

கரன்ட்டையே புடுங்கறது இதோட அண்ணன். சந்தேகமே இல்லாம வேலை செய்யும், பட்டனுக்குப் பின்னாடி என்ன வயரிங்னு யாரையும் நம்ப வேணாம். ஆனா திரும்பப் போட்டா எழுந்து நிக்கவே அரை நிமிஷம் ஒரு நிமிஷம் ஆகுது, யாரும் ரெண்டு நாளைக்கு மேல செய்ய மாட்டாங்க. ராத்திரி பூரா அணைச்சு வெக்க, ஸ்விட்ச் இருக்குற எக்ஸ்டென்ஷன் பெட்டில மாட்டி வெச்சா ஓகே.

எங்க வெக்கறதுங்கறது தனி வழி இல்ல, ஆனா எல்லா வழிக்கும் கூட வரணும். படுக்கை ரூம்ல வேண்டவே வேணாம். போன் பேசுற இடத்துக்குப் பக்கத்துல வேணாம், டிவிக்குப் பக்கத்துலயும் வேணாம், டிவி டயலாக்கும் அதை எழுப்பிடும். ஜன்னல்ல இருந்து நேராத் தெரியற இடமும் வேணாம், 2019ல மிச்சிகன் யுனிவர்சிட்டியும் டோக்கியோல ஒரு யுனிவர்சிட்டியும் சேந்து லேசர் வெளிச்சத்தை மைக் மேல அடிச்சே கட்டளை குடுக்க முடியும்னு 110 மீட்டர் தூரத்துல இருந்து காட்டுனாங்க. நம்ம வீட்டு மேல லேசர் அடிக்கறதுக்கு எவனும் மெனக்கெட மாட்டான்னு நெனைக்கறேன், ஆனா கதவுப் பூட்டை ஸ்பீக்கரோட இணைச்சு வெச்சிருந்தீங்கன்னா ஒரு நிமிஷம் யோசிங்க.

நெட்வொர்க் பக்கமா தடுக்கறதைப் பத்தி டெக்னிக்கலா தெரிஞ்சவங்க ரொம்பப் பேசுவாங்க. எந்த சர்வருக்குப் போகக் கூடாதுன்னு வடிகட்டற பை-ஹோல் மாதிரி டிஎன்எஸ் ஃபில்டர் போடு, விருந்தாளிங்களுக்குன்னு பிரிச்சு வெக்கற கெஸ்ட் வைஃபைல தள்ளுன்னு. கெஸ்ட் வைஃபை நல்லது, ஸ்பீக்கர் ஹேக் ஆனாலும் உங்க லேப்டாப் பக்கம் எட்டிப் பாக்க முடியாது. ஆனா குரல் வெளிய போறதை இது தடுக்காது, ஏன்னா குரல் போற சர்வரும் பதில் வர்ற சர்வரும் ஒண்ணுதான், அதை அடைச்சா ஸ்பீக்கர் வெறும் டப்பா. ஸ்பீக்கருக்கு இது சரியான மருந்து இல்ல. அது உண்மையா உதவுறது டிவிக்கு.

டிவியை ஏன் இழுக்கறேன்னா, ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டுட்டு நிம்மதியா உக்காந்திருக்குற பாதிப் பேரோட ஹால்ல டிவி பாத்துக்கிட்டு இருக்கு. கேக்கறதை விட பாக்கறது அங்க ஜாஸ்தி. ஸ்க்ரீன்ல ஓடுறதைத் துண்டு துண்டா எடுத்து என்ன பாக்குறீங்கன்னு கண்டுபிடிச்சு அனுப்புற ஏசிஆர்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, எச்டிஎம்ஐல மாட்டுன வேற பெட்டில இருந்து ஓடுனாலும் கண்டுபிடிக்கும். 2017ல விஸியோ கம்பெனி 1.1 கோடி டிவில இதை ஒழுங்கா சொல்லாம செஞ்சதுக்கு 22 லட்சம் டாலர் கட்டுச்சு. சாம்சங்ல "வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்", எல்ஜில "லைவ் ப்ளஸ்"னு பேர் இருக்கும், பேரைப் பாத்தா ஏதோ நமக்கு நல்லது செய்யற மாதிரியே இருக்கும், தேடிப் புடிச்சு அணைங்க. மைக் ரிமோட்ல மட்டும் இருந்தா பட்டனை அமுக்குனாத்தான் கேக்கும், பரவால்ல. டிவி பாடிலயே மைக் இருந்து தூரத்துல இருந்து கூப்பிடலாம்னு விளம்பரம் பண்ணியிருந்தா, டிவியோட அடிப்பக்கம் தடவிப் பாருங்க, நெறைய மாடல்ல ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும்.

மைக் இருக்கா இல்லையான்னே தெரியாத சாதனமும் உண்டு. கூகுளோட நெஸ்ட் செக்யூர் அலாரம் பெட்டில மைக் இருக்குங்கறது, 2019ல அதுல குரலுக்குப் பதில் சொல்ற கூகுள் அசிஸ்டன்ட் வரப் போகுதுன்னு அறிவிச்சப்பத்தான் வாங்குனவங்களுக்கே தெரிஞ்சுது. ஸ்பெக் ஷீட்ல போட மறந்துட்டோம்னாங்க.

லோக்கல் வழி. இதுதான் படிக்கறதுக்கு ரொம்ப ஆசையா இருந்துச்சு. ஹோம் அசிஸ்டன்ட்னு இலவச சாஃப்ட்வேர், வீட்டுலயே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்ல ஓடும், குரலை எழுத்தாக்க விஸ்பர், எழுத்தைக் குரலாக்க பைப்பர், எல்லாமே வீட்டுக்குள்ளயே, நெட் புடுங்குனாலும் லைட் எரியும். 2024 டிசம்பர்ல அவங்களே வாய்ஸ் ப்ரிவ்யூ எடிஷன்னு ஒரு குட்டி ஸ்பீக்கரையும் விட்டாங்க, அதுல மைக்கைத் துண்டிக்கற நெஜ ஸ்விட்ச் இருக்கு, என் கணக்குல ஃபுல் மார்க். தெரிஞ்ச தம்பி ஒருத்தன் வீட்டுல நேர்ல பாத்தேன், ராஸ்பெர்ரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டர்ல விஸ்பரை ஓட்டறான். "லைட் போடு"ன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டு நிக்கறான், நாங்க எல்லாரும் சேந்து நிக்கறோம், ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழெட்டு செகண்டு கழிச்சு லைட் வந்துச்சு. எழுந்து போய் ஸ்விட்ச் போட்டிருக்கலாம். கொஞ்சம் பெரிய கம்ப்யூட்டரா இருந்தா ஒரு செகண்டுக்குள்ள முடியும்னான், அது உண்மைதான். தமிழ்ல சொல்லச் சொன்னேன். விஸ்பருக்குத் தமிழ் தெரியும், ஆனா ராஸ்பெர்ரி பைல ஓடற அளவு சின்ன மாடல்ல அது தடுமாறுற தடுமாற்றத்தைப் பாத்து அவனே சிரிச்சிட்டான்.

இந்த வழி யாருக்குன்னா, வீட்டுல ஒரு ஆளுக்கு இதை நோண்டறது பொழுதுபோக்கா இருக்கணும், அந்த ஆள் ஊருக்குப் போனா வீடு இருட்டாகக் கூடாது. லைட், ஃபேன், டைமருக்குப் போதும். பாட்டு, பொது அறிவுக் கேள்வி, இதெல்லாம் பெரிய கம்பெனி ஸ்பீக்கர் மாதிரி எதிர்பாக்காதீங்க. இன்னொண்ணு கவனிக்கணும், அதுலயும் குரலைக் க்ளவுடுக்கு அனுப்புற ஆப்ஷன் இருக்கு, வேகமா வேணும்னு அதை ஆன் பண்ணிட்டா கஷ்டப்பட்டதுக்கு அர்த்தமே போயிடும். அப்புறம் இந்த வழிலயும் எல்லா சாவியும் ஒரு ஆள் கையில. க்ளவுடுல இல்லாம நம்ம வீட்டு அலமாரில இருக்குற சர்வர், அட்மின் யாரு? அந்தத் தம்பிதான். அவங்க அம்மாவுக்கு அது இன்னும் க்ளவுடு மாதிரிதான்.

அல்ட்ராசவுண்டு ஜாமர், ஸ்பீக்கர் தலைல தொப்பி மாதிரி மாட்டி எந்நேரமும் இரைச்சலைக் காதுல ஊத்துற ப்ராஜக்ட் அலியாஸ், இதெல்லாம் வேடிக்கையா இருக்கு, புத்திசாலித்தனமும்தான், வீட்டுக்கு வேணாம்.

கடைசி வழி, எடுத்துடறது. இதுக்கு எதிரா வாதாட எனக்கு பெருசா ஒண்ணும் இல்ல. தனியா இருக்கறவங்க, வக்கீல், டாக்டர், கவுன்சிலர் மாதிரி வீட்டுல இருந்து அடுத்தவங்க ரகசியத்தைக் கையாள்றவங்க யோசிக்கவே வேணாம், எடுத்துடுங்க. ஸ்மார்ட் லைட் வேணும்னா மைக் இல்லாமலே கெடைக்குது, சுவத்துல ஒட்டற, ஜிக்பீங்கற வயர்லெஸ்ல ஓடற பட்டன் ஒண்ணு போதும், அமுக்குனா லைட், குழந்தையும் அமுக்கும், பெரியவங்களும் அமுக்குவாங்க. ஆனா ஸ்பீக்கரை எடுத்த அன்னிக்கே போன்ல எந்நேரமும் கூப்பிடு வார்த்தைக்குக் காத்திருக்கறதை அணைச்சு, பட்டன் அமுக்கிப் பேசறதுக்கு மாத்திடுங்க, இல்லன்னா ஒரு மைக்கை வெளிய போட்டுட்டு நாலு மைக்கைப் பாக்கெட்ல வெச்சிருக்கோம். ஆண்ட்ராய்டு 12ல இருந்து மைக்கை மொத்தமா அணைக்கற ஒரு டைல் மேல இழுத்தாலே வருது, மைக் தொறந்தா பச்சைப் புள்ளியும் வருது. ஐபோன்ல ஐஓஎஸ் 14ல இருந்து ஆரஞ்சுப் புள்ளி.

கண் தெரியாதவங்க, கை கால் முடியாதவங்க இருக்குற வீட்டுல இந்தப் பேச்சே வேற. அங்க குரல்ங்கறது வசதி இல்ல, கைதான் அது. மியூட் பண்ணி வை, எடுத்துடுன்னு அவங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வராது. செட்டிங்ஸை இறுக்கிட்டு, மத்தவங்க வேற ரூம்ல பேசிக்கறதுதான் ஞாயம்.

எங்க வீட்டுல கடைசியா முடிவானது இது: ஹால்ல ஒண்ணே ஒண்ணு, எப்பவும் செவப்புல, செட்டிங்ஸ் எல்லாம் இறுக்கி, ஹிஸ்டரி சேக்கறது ஆஃப். படுக்கை ரூம்ல இருந்ததை எடுத்தாச்சு. டிவில ஏசிஆர் ஆஃப். லோக்கல் வழியைப் பையன் கொஞ்சம் பெரியவனானா அவனோட சேந்து செய்யலாம்னு வெச்சிருக்கேன், இப்ப எனக்கு நேரம் இல்ல. சின்னக் குழந்தை இருந்து, ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடா இருந்தா உங்களுக்கும் இதையேதான் சொல்வேன். நோண்டற ஆள் இருந்தா லோக்கல். பட்டனை அமுக்கற பழக்கம் ஒரு மாசத்துக்குள்ள வரலன்னா, இனிமே வராது, எடுத்துடுங்க.

எடுக்கறப்ப ஒரு வேலையை மறக்காதீங்க. நார்த்ஈஸ்டர்ன்லயே 2021ல செகண்ட் ஹேண்ட்ல 86 எக்கோ டாட் வாங்கிப் பாத்தாங்க, அதுல 61 சதவீதம் ரீசெட்டே பண்ணாம வித்தது. பழைய வீட்டு வைஃபை பாஸ்வேர்டு, அக்கவுன்ட் விவரம் எல்லாம் உள்ளயே. ரீசெட் பண்ணுனாலும் சர்வர்ல இருக்குற ரெக்கார்டிங் போகாது, ஆப்ல போய் அதைத் தனியா அழிச்சிட்டு, சாதனத்தை அக்கவுன்ட்ல இருந்தும் நீக்கிட்டு, அப்புறம் குடுங்க. அவங்க ஆராய்ச்சிலயே ரீசெட் பண்ணுன டாட்ல இருந்தும் மெமரி சிப்பைக் கழட்டிப் பழைய விவரத்தை எடுத்துக் காட்டுனாங்க, அதனால எங்க வீட்டுப் படுக்கை ரூம் ஸ்பீக்கரை யாருக்கும் குடுக்க மனசு வரல, பீரோ டிராயர்ல கிடக்கு.

அத்தையோட ரிசல்ட் நல்லபடியா வந்துச்சு. அதை அவங்களே ஒரு சாயந்திரம் சொன்னாங்க, நான் அப்பத்தான் முதல் தடவை கேக்குற மாதிரி "ஸ்கேனா? எப்போ?"ன்னு கேட்டேன். அந்தக் கிளிப்பைப் பத்தி இன்னும் அவங்ககிட்ட சொல்லல. சொல்லணும்.